விபத்து நடந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, இனி இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் பைக்கில் போன தம்பி மீது லாரி மோதியது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. லாரி உரிமையாளர் "கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுத்தடித்துவிட்டு, இப்போது "காலம் முடிஞ்சு போச்சு, இனி கேஸ் நிக்காது" என்கிறார். அது உண்மையா? கூடவே, ஆஸ்பத்திரியில், வேலை இடத்தில், ரயிலில் காயம்பட்டால் எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: அவர் சொல்வதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். இன்றைய நிலையில் உங்கள் தம்பிக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கையில் இருப்பதால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

"காயத்துக்கு மூணு வருஷம் டைம்" என்று பலரும் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். இந்தியாவில் அப்படி ஒரே காலக்கெடு கிடையாது. ஒரே மாதிரி கால் முறிவு சாலையில் நடந்தால் ஒரு கணக்கு, ரயிலிலிருந்து விழுந்து நடந்தால் இன்னொரு கணக்கு, தொழிற்சாலையில் நடந்தால் வேறொன்று. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த மன்றத்தில் கேட்கிறீர்கள் என்பதுதான் காலத்தைத் தீர்மானிக்கிறது. அதைவிடச் சிக்கலானது, நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சாலை விபத்தின் கதை கொஞ்சம் நீளம். தெரிந்துகொண்டால்தான் லாரிக்காரர் ஏன் அவ்வளவு தைரியமாகப் பேசுகிறார் என்று புரியும்.

1939-ஆம் ஆண்டின் பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதம் என்ற வரம்பு இருந்தது. தக்க காரணம் காட்டினால், விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் தாமதத்தை மன்னிக்கலாம். 1988-ல் புதுச் சட்டம் வந்தபோது 166-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் அதே ஆறு மாதத்தை வைத்தார்கள், ஆனால் மன்னிக்கும் அதிகாரத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள்: எந்தக் காரணமாக இருந்தாலும் 12 மாதத்துக்கு மேல் மன்னிக்க முடியாது. அந்தப் பூட்டு எவ்வளவு கொடுமையானது என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே உதாரணம். 1990 டிசம்பரில் விபத்து. 12 மாதத்தைச் சில நாட்கள் மட்டும் தாண்டி மனு போட்டதால், காயம்பட்டவரின் கோரிக்கையைத் தீர்ப்பாயம் தள்ளிவிட்டது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, 1994-ல் நாடாளுமன்றம் அந்த உட்பிரிவையே நீக்கியது. நீக்கத்தின் பலன் நிலுவையில் இருந்த அந்த மனுவுக்கும் உண்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக விபத்தில் சிக்கியவரை விரட்டக் கூடாது என்பதுதான் நாடாளுமன்றத்தின் நோக்கம் என்றும் எடுத்துக் காட்டியது.

அதன் பிறகு கிட்டத்தட்ட 27 ஆண்டுகள் சாலை விபத்து இழப்பீட்டுக்குக் காலவரம்பே இல்லை. நாலு வருஷம், ஐந்து வருஷம் கழித்துக்கூட மனு போட்டு இழப்பீடு வாங்கியவர்கள் உண்டு. ஊரில் பெரியவர்கள் "ஆக்ஸிடென்ட் கேஸுக்கு டைம் லிமிட் கிடையாது" என்று சொல்வது அந்தக் காலத்து நினைவு. அவர்கள் பொய் சொல்லவில்லை, சட்டம்தான் மாறிவிட்டது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆறு மாத வரம்பை மறுபடி கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த முறை தாமதத்தை மன்னிப்பது பற்றி அந்த உட்பிரிவில் ஒரு வார்த்தைகூட இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டால்தான் மனு ஏற்கப்படும் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைத் துணைக்கு அழைத்து, தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாமா, கூடாதா என்று நாடெங்கும் தீர்ப்பாயங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும் வாதம் நடந்தது.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆறு மாதம் நியாயமே இல்லை. தொடை எலும்பு உடைந்தவருக்கு முதல் ஆறு மாதம் கட்டிலிலும் பிசியோதெரபியிலும் போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிறவர் இறந்துபோயிருந்தால், வாரிசுச் சான்றிதழ் கையில் வரவே சில குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு தரும் நாட்டில், உடைந்த காலுக்கு ஆறு மாதம்தான் என்பதை எப்படி ஏற்பது?

இதே கேள்வியை எழுப்பித்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போட்டிருக்கிறார்கள். அந்த வழக்குகளில் 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது: ஆறு மாதம் தாண்டிவிட்டது என்ற காரணத்தைக் காட்டித் தீர்ப்பாயங்களும் உயர் நீதிமன்றங்களும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது. உங்கள் தம்பிக்கு இப்போது கிடைத்திருக்கும் வழி இதுதான். ஆனால் இது இடைக்கால உத்தரவு. இறுதித் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துக்கொண்டு காத்திருப்பது வீண் ஆபத்து. உத்தரவு நடப்பில் இருக்கும்போதே மனுவைப் போட்டு எம்.சி.ஓ.பி. (தீர்ப்பாயத்தில் போடும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) நம்பர் வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவதாக ஒரு வழியும் இருக்கிறது. இதைப் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 159-ஆம் பிரிவுப்படி, விபத்தை விசாரிக்கும் போலீஸ் அதிகாரி ஒரு அறிக்கை தயாரித்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வரும் அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 166-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. 2022-ல் வந்த விதிகள் இதை இன்னும் இறுக்கின: 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் டி.ஏ.ஆர். எனப்படும் விரிவான அறிக்கை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த நடைமுறையை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று விரிவாகவே உத்தரவிட்டது. ஆகவே வக்கீலைப் பார்ப்பதற்கு முன்போ, பார்த்த கையோடோ, ஸ்டேஷனில் டி.ஏ.ஆர். தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறதா, எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் போயிருந்தால், உங்கள் தம்பி ஒன்றும் செய்யாமலே காலத்துக்குள் மனு போட்டவராகிவிட்டார் என்று வாதாட வலுவான ஆதாரம் அது. போகவில்லை என்றால், போலீஸ் தன் கடமையைச் செய்யாததற்குக் காயம்பட்டவரைத் தண்டிக்கலாமா என்று கேட்க அதுவும் உதவும்.

லாரிக்காரர் பேச்சுவார்த்தையில் இழுத்தடித்தார் என்றீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். பேச்சுவார்த்தை நடக்கும்போது காலம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாலும், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும், எஃப்.ஐ.ஆர். போட்டாலும் நிற்காது. எஃப்.ஐ.ஆர். என்பது டிரைவரைத் தண்டிப்பதற்கான குற்ற வழக்கின் தொடக்கம், இழப்பீட்டுக்கான மனு வேறு. உரிய மன்றத்தில் மனு தாக்கலாகும் நாள் ஒன்றைத்தான் சட்டம் பார்க்கிறது. குற்ற வழக்கு முடியட்டும், டிரைவருக்குத் தண்டனை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் இதே தவறுதான். தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை, நடந்திருக்க அதிக வாய்ப்பு எது என்று காட்டினால் போதும். டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீடு கிடைக்கலாம்.

பேச்சுவார்த்தையே கூடாது என்று சொல்ல வரவில்லை. மனுவைப் போட்டுவிட்டுத் தாராளமாகப் பேசுங்கள். லோக் அதாலத்தில் சமரசம் பேசி முடியும் எம்.சி.ஓ.பி. வழக்குகள் நிறைய. மனு நம்பர் ஆன பிறகு எதிர்த்தரப்பும் வேகமாகவே பேசும்.

அடுத்து ஆஸ்பத்திரி. நாள் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்ற சிக்கல் முழுசாக இங்கேதான் வெளிப்படும்.

பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற இடத்தில் கவனக்குறைவு நடந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமும் சேவைதான் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 69-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு தருகிறது. தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். சரி, இரண்டு ஆண்டு என்றால் எந்த நாளிலிருந்து? அறுவை சிகிச்சை நடந்த நாளா, வலி வந்த நாளா, தவறு தெரியவந்த நாளா?

2010-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். 1993-ல் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வயிற்று வலி. வலி மாத்திரைகளோடு ஆண்டுகள் ஓடின. 2002-ல் வேறு இடத்தில் இரண்டாவது அறுவை சிகிச்சை செய்தபோது வயிற்றுக்குள் பழைய துணிச் சுருள் இருந்தது. 2004-ல் புகார் போட்டார். கேட்கும் யாருக்கும் "துணி இருப்பது 2002-ல்தானே தெரிந்தது, அதிலிருந்துதானே எண்ண வேண்டும்" என்றுதான் தோன்றும். நீதிமன்றம் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. தவறு கண்ணுக்கு நேராகத் தெரிவதாக இருந்தால் நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், உள்ளே மறைந்திருந்தால் நோயாளிக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்றது. ஆனால் அதோடு ஒரு வாலையும் சேர்த்தது: நியாயமான அக்கறை காட்டியிருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ, அந்த நாளையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண் ஒரு நர்ஸ். அறுவை சிகிச்சைக்குப் பிறகு விடாமல் வலி இருந்தால், சாதாரண மனிதரே டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்பாரே, மருத்துவ அனுபவம் உள்ளவர் ஒன்பது ஆண்டு ஏன் போகவில்லை என்று கேட்டது நீதிமன்றம். புகார் காலம் கடந்தது என்று டாக்டர் பக்கம் தீர்ப்பானது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் மனக்குறைதான். வயிற்றுக்குள் துணி இருக்கும் என்று எந்த நோயாளியும் ஊகிக்கக் கடமைப்பட்டவர் இல்லை. ஆனால் நடைமுறையில் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை தெளிவானது. சிகிச்சைக்குப் பிறகு ஏதோ சரியில்லை என்றால் உடனே திரும்பப் போய்க் காட்டுங்கள். போனதற்குச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாம் கருத்து வாங்கினால் அதையும் பத்திரப்படுத்துங்கள். "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்லும்போது, தெரிந்துகொள்ள முயன்றதற்கு அந்தச் சீட்டுகள்தான் சாட்சி.

முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்த தவறுக்குச் சிவில் நீதிமன்றமோ, உயர் நீதிமன்றத்தில் அரசின் மீது நேராகப் போடும் ரிட் மனுவோதான் வழி. ரிட் மனுவுக்கு எழுதிவைத்த காலவரம்பு இல்லை, ஆனால் காரணமில்லாமல் நாள் கடத்திவிட்டுப் போனால் நீதிபதி கேள்வி கேட்பார்.

சிவில் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். வேறு எந்தப் பிரிவும் குறிப்பாகச் சொல்லாத வழக்குகளுக்கு அதன் அட்டவணையில் 113-ஆவது இனம் மூன்று ஆண்டு தருகிறது. கவனக்குறைவால் வந்த காயத்துக்கான வழக்கு சாதாரணமாக இதில்தான் வரும். ஊரார் சொல்லும் "மூணு வருஷம்" இங்கிருந்து வந்தது. ஆனால் இரண்டு பொறிகளைத் தாண்ட வேண்டும். காயம்பட்டவர் இறந்துபோய், குடும்பத்தார் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் கேட்டால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான், மூன்று இல்லை. மின்கம்பி அறுந்து விழுந்து இறந்தவரின் குடும்பம் சிவில் வழக்குக்குப் போனால் இந்தக் கணக்குதான் முன்னால் வரும். இன்னொன்று 72-ஆவது இனம்: ஏதோ ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஓராண்டுதான். எதிர்த்தரப்பு அரசுத் துறையாகவோ நகராட்சியாகவோ இருந்தால், "நாங்கள் சட்டப்படி செய்த வேலை, ஓராண்டு முடிந்துவிட்டது" என்று இதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அதனால் அரசு சம்பந்தப்பட்டது என்றால் ஓராண்டு என்றே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அரசின் மீது வழக்குப் போடும் முன் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும், அந்த இரண்டு மாதம் கணக்கில் கழிக்கப்படும் என்பது கூடுதல் தகவல்.

சிவில் வழக்கில் இன்னொரு கடுமையும் உண்டு. தாமதத்தை மன்னிக்கும் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், அசல் வழக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. மூன்று ஆண்டு முடிந்து மறுநாள் போனாலும், என்ன அழுத்தமான காரணம் சொன்னாலும், வழக்கைத் தள்ளுபடி செய்வதைத் தவிர நீதிபதிக்கு வேறு வழியில்லை. எதிர்த்தரப்பு அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே பார்த்துத் தள்ள வேண்டும் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது.

குழந்தைகளுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் சட்டம் கொஞ்சம் இளகுகிறது. பத்து வயதுப் பையன் மீது சுவர் இடிந்து விழுந்து காயம்பட்டால், அவனுக்கு 18 வயது ஆன பிறகுதான் மூன்று ஆண்டு ஓட ஆரம்பிக்கும். 21 வயது முடியும் வரை வழக்குப் போடலாம். ஆனால் 21 வயதில் அவனிடம் அன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இருக்காது, சாட்சிகள் எங்கே போனார்கள் என்றும் தெரியாது. பெற்றோர் அவன் பெயரில் இப்போதே போடலாம், போடுவதுதான் நல்லது. இந்தச் சலுகை, நாள் ஓட ஆரம்பிக்கும்போது அந்த நிலை இருந்தவர்களுக்கு மட்டும்தான். ஓட ஆரம்பித்த பிறகு ஒருவருக்கு மனநிலை பாதிக்கப்பட்டால் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலை இடத்து விபத்துக்கு 1923-ஆம் ஆண்டின் பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டு ஆண்டு தந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையருக்கு அதிகாரம் கொடுத்தது. வேலையால் வரும் நோய்க்கு, அந்த நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளையே விபத்து நாளாகக் கொள்வது அதன் நல்ல அம்சம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆகவே விபத்து அந்தத் தேதிக்கு முன்பா, பின்பா என்பதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை, ஈ.எஸ்.ஐ. வழியாகத்தான் பலன் வாங்க வேண்டும். உங்கள் தம்பி வேலை விஷயமாக வண்டியில் போனபோது இது நடந்தது என்றால் இன்னொரு விஷயம்: தொழிலாளர் இழப்பீடு, மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டிலும் கேட்க முடியாது.

ரயில் விபத்துக்கும், ரயிலிலிருந்து தவறி விழுந்ததற்கும் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். இறந்தால் 8 லட்ச ரூபாய் என்பது 2017 முதல் உள்ள தொகை. டிக்கெட் தொலைந்துவிட்டதே என்று பயந்து நாள் கடத்தும் குடும்பங்கள் உண்டு. டிக்கெட் கையில் இல்லை என்பதற்காக மட்டும் உண்மையான பயணி இல்லை என்று சொல்லிவிட முடியாது, பிரமாணப் பத்திரம் போட்டுத் தொடங்கலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விமானப் பயணத்தில் காயம் என்றால் இரண்டு ஆண்டு, அதற்குப் பிறகு உரிமையே போய்விடும்.

தெரியாமல் தவறான மன்றத்தில் போட்டுவிட்டால் எல்லாம் போய்விடாது. நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் வழக்கை நடத்தியிருந்து, அதிகாரம் இல்லை என்று அந்த மன்றம் திருப்பி அனுப்பினால், அங்கே செலவான காலத்தைக் கழித்துக்கொள்ள காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. நுகர்வோர் மன்றத்திலிருந்து சிவில் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தவர்களுக்கும் இந்த உதவி உண்டு என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு முடியும் நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கும் முதல் நாளில் போடலாம்.

பலர் கவனிக்காத ஓர் இடம், மனுவைப் போட்ட பிறகு வரும் ரிட்டர்ன். பக்க எண் இல்லை, ஆவணம் குறைகிறது என்று அலுவலகம் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, இத்தனை நாளில் சரிசெய்து போடு என்று எழுதும். அந்தக் கட்டு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கினால், மறுபடி போடுவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு இன்னொரு மனு போட வேண்டியிருக்கும். போட்டாச்சு என்று வக்கீல் சொன்னால் நம்பர் ஆயிற்றா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம்.

சரி, உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எம்.சி.ஓ.பி. மனுவோடு, தேவைப்பட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். இடைக்கால உத்தரவு இருக்கிறதே, அது எதற்கு என்று வக்கீல் கேட்கலாம். நாளை தீர்ப்பு எப்படி வந்தாலும் காரணம் பதிவில் இருக்கட்டும் என்பதற்காகத்தான். அதில் என்ன எழுதலாம்? எத்தனை மாதம் படுக்கையில் இருந்தார், எத்தனை அறுவை சிகிச்சை, லாரி உரிமையாளர் என்றைக்கெல்லாம் சமரசம் பேசினார், அதற்கு வாட்ஸ்அப் செய்தி இருக்கிறதா, இதையெல்லாம் தேதியோடு எழுத வேண்டும். பேச்சுவார்த்தை நாள் ஓடுவதை நிறுத்தாது என்றேன், ஆனால் தாமதம் ஏன் என்பதற்கு அது நல்ல விளக்கம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கணக்குக் கேட்டுப் படுத்தக் கூடாது, நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும் என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொய்க் காரணம் மட்டும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தேதியோடு ஒத்துப்போகாத ஒரு வரி போதும், முழு மனுவும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

எடுத்துப் போக வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் முதலில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், எக்ஸ்ரே, சம்பளச் சான்று, லாரியின் பதிவு எண்ணும் இன்ஷூரன்ஸ் விவரமும். எல்லாம் சேர்ந்த பிறகு போகலாம் என்று நினைக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தால் தொடங்கிவிடலாம், மற்றவை பின்னால் வரட்டும். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், தம்பி குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள். வருமானம் குறைவாக இருந்தாலோ, மாற்றுத்திறனாளியாக இருந்தாலோ இலவசமாக வக்கீல் அமர்த்திக் கொடுப்பார்கள்.

கடைசியாக, பிளேட்டை எடுத்த பிறகு, ஊனச் சதவீதம் தெரிந்த பிறகு மனு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊனத்தை மதிப்பிட, வழக்கு நடக்கும்போது தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பும். பிளேட் எடுக்கும் செலவை எதிர்கால மருத்துவச் செலவு என்று இப்போதே மனுவில் கேட்டுவிடலாம், டாக்டரிடம் மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று வாங்கினால் போதும். தீர்ப்பு வந்து தொகை குறைவு என்று தோன்றினால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் அந்தத் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது.